அரபு நாட்டுக் கலகமும் அங்கே போகும் நம் பிள்ளைகளும்

கேள்வி:

மூன்று தலைமுறையாகப் பட்டு நெய்கிற குடும்பம் எங்களுடையது. மகனுக்கு 24 வயது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தறிக்குழியில் இறங்கியவன். நானும் அவனும் மாறி மாறி நெய்து, என் மனைவி நூல் சுற்றிக் கொடுத்தும் கூலி கட்டுப்படியாகவில்லை. இப்போது சவுதிக்கோ குவைத்துக்கோ போயே தீருவேன் என்று நிற்கிறான். ஏஜென்ட் ஒருவர் வீட்டுக்கே வந்து பேசிவிட்டுப் போனார். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. செய்தியைப் போட்டால் அரபு நாடு என்றாலே கலவரம், சண்டை, அகதிகள். டீக்கடையில் இந்தப் பேச்சு வந்தால் இரண்டு கட்சியாகிவிடுகிறது. 'வெளிநாட்டுக்காரன் வந்து குவிவதால்தான் உள்ளூர்க்காரன் கொதிக்கிறான்' என்கிறார் ஒருவர். 'கலவரம் வருவதால்தான் ஜனங்கள் ஊரை விட்டு ஓடுகிறார்கள்' என்கிறார் இன்னொருவர். எது சரி? பிள்ளையை அனுப்பலாமா, வேண்டாமா?

நெசவாளர் ஒருவர், ஆரணி

பதில்:

உங்கள் டீக்கடையின் இரண்டு கட்சிக்கும் ஆளுக்குப் பாதி மதிப்பெண் கொடுக்கலாம். பாதியைக் கழிப்பதற்குக் காரணம், இருவருமே 'ஆள் போக்குவரத்து' என்பதை ஒரே சரக்காக எடுத்துக்கொள்வதுதான். அரபு உலகத்தில் மூன்று விதமான போக்குவரத்து நடக்கிறது. எகிப்து, ஏமன், துனிசியா போன்ற நாடுகளிலிருந்து பிழைப்புக்காக வெளியே போகிறவர்கள் ஒரு வகை. நம்மைப் போல வளைகுடா நாடுகளுக்குள் வேலைக்கு வருகிறவர்கள் இரண்டாவது வகை. சிரியா, சூடான் போல உயிருக்குப் பயந்து ஓடுகிறவர்கள் மூன்றாவது. கலகத்தோடு இவை மூன்றுக்கும் உள்ள உறவு ஒன்றல்ல.

முதலில் ஒரு சிந்தனையைச் சொல்லிவிடுகிறேன். ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளாதார அறிஞர் 1970-இல் ஒரு புத்தகம் எழுதினார். பிடிக்காத நிலைமையில் மாட்டிக்கொண்ட மனிதனுக்கு இரண்டு வழிகள் உண்டு என்றார்: விட்டுப் போவது, அல்லது இருந்து குரல் கொடுப்பது. போகிற வழி சுலபமாக இருந்தால் குரல் மெலியும். உங்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. கூலி உயர்வு கேட்டு முதலாளியிடம் போய் நிற்கக்கூடிய துடிப்பான பையன்கள்தான் முதலில் தறியை விட்டுப் பெங்களூருக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் பஸ் ஏறுகிறார்கள். மிஞ்சியிருப்பவர்கள் வயதானவர்கள், முன்பணம் வாங்கி மாட்டிக்கொண்டவர்கள். அவர்களால் எவ்வளவு உரக்கப் பேச முடியும்? முதலாளிக்கு ஆள் குறைகிறது என்ற கவலை இருக்கலாம். சத்தம் குறைகிறது என்ற நிம்மதியும் கூடவே வரும்.

அரபு நாட்டு ஆட்சியாளர்கள் பலர் நாற்பது ஆண்டுகள் இந்த நிம்மதியில்தான் காலம் தள்ளினார்கள்.

கதவைத் திறந்துவிட்ட காலம்

அதிபர் நாசர் காலத்து எகிப்தில் நாட்டை விட்டு வெளியே போகவே அரசிடம் அனுமதி வாங்க வேண்டும். அவருக்குப் பின் வந்த சதாத் இதை மாற்றினார். 1971-ஆம் ஆண்டு அரசியல் சட்டம் குடிபெயர்வதைக் குடிமகனின் உரிமையாகவே எழுதியது. 1973-இல் எண்ணெய் விலை ஏறியதும் வளைகுடாவில் பணம் கொட்டியது. எகிப்தியர்கள் சவுதிக்கும் லிபியாவுக்கும் ஈராக்குக்கும் போனார்கள். ஈரானோடு போர் நடந்த 1980-களில் ஈராக்கில் மட்டும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட எகிப்தியர்கள் வேலை பார்த்தார்கள். ஈராக்கிய ஆண்கள் போர்முனையில் நிற்க, வயலையும் கட்டுமானத்தையும் இவர்கள் கவனித்துக்கொண்டார்கள். ஊருக்கு அனுப்பிய பணம் சூயஸ் கால்வாய் வருமானத்துக்கு இணையாகப் பேசப்படும் அளவுக்கு வளர்ந்தது. வேலையில்லாத இளைஞன் கெய்ரோ தெருவில் நிற்பதைவிட பாக்தாதில் செங்கல் சுமப்பது அரசுக்கு வசதி.

ஆனால் இது முழுமையான மருந்தாக இருந்ததில்லை. ஆட்கள் வெளியே போய்க்கொண்டிருந்த அதே காலத்தில்தான், 1977 ஜனவரி 18, 19 தேதிகளில், ரொட்டி விலையை ஏற்றியதற்காக எகிப்து நகரங்கள் பற்றி எரிந்தன. சதாத் விலையேற்றத்தை உடனே திரும்பப் பெற்றார். போகிறவன் அனுப்பும் பணம் அவன் வீட்டைத்தான் காப்பாற்றும். பக்கத்து வீட்டில் யாரும் போகவில்லை என்றால் அங்கே ரொட்டி விலை அதே விலைதான்.

ஜோர்தானிலும் இதே பாடம். 1980-களின் நடுவில் எண்ணெய் விலை சரிந்தபோது வளைகுடாவிலிருந்து வந்த சம்பளப் பணமும் உதவிப் பணமும் சேர்ந்தே சுருங்கின. அரசு கடனில் மூழ்கி எரிபொருள் விலையை ஏற்றியது. 1989 ஏப்ரலில் தெற்கே மஆன் நகரத்தில் கலவரம் வெடித்தது. மன்னர் ஹுசேன் சுதாரித்துக்கொண்டு அந்த ஆண்டு நவம்பரிலேயே நாடாளுமன்றத் தேர்தல் நடத்தினார். கதவு மூடத் தொடங்கியதும் குரல் எழும்பியது. குரலுக்கு ஒரு வாசலைத் திறந்துவிட்டதும் சற்றே தணிந்தது. இந்த ஜோர்தானை மறக்காதீர்கள், மறுபடியும் வருவோம்.

கதவை அறைந்து சாத்தியபோது

1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் அதிபர் சதாம் ஹுசேனின் படை குவைத்துக்குள் நுழைந்தது. நம் ஊரில் நடுத்தர வயதைத் தாண்டியவர்களுக்கு இது நினைவிருக்கும். குவைத்திலிருந்த 1,70,000-க்கும் மேற்பட்ட இந்தியர்களை ஜோர்தானின் அம்மான் வழியாக மும்பைக்கு விமானத்தில் கொண்டுவந்தார்கள். அந்தக் கதையில் நாம் மட்டும் இல்லை. அதற்கடுத்த மாதங்களில் இரண்டு அரபு மக்கள் கூட்டங்களும் வளைகுடாவை விட்டு வெளியேற்றப்பட்டன.

ஒன்று, ஏமன் நாட்டார். அதுவரை சவுதியில் வேலை பார்க்க அவர்களுக்கு கஃபீல், அதாவது விசாவுக்குப் பொறுப்பேற்கும் உள்ளூர்க்காரர், தேவையில்லை; மற்ற நாட்டவர்களுக்கு இல்லாத சலுகை அது. ஈராக் விஷயத்தில் ஏமன் அரசு சவுதியோடு ஒத்துப்போகவில்லை என்றதும் 1990 செப்டம்பரில் சவுதி அந்தச் சலுகையை ரத்து செய்தது. சில மாதங்களுக்குள் சுமார் எட்டு லட்சம் பேர் ஏமனுக்குத் திரும்ப நேர்ந்தது. வடக்கும் தெற்கும் இணைந்து ஒரே நாடாகி அப்போது நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. பலருக்கு ஏமனில் வீடும் இல்லை, நிலமும் இல்லை. செங்கடல் கரையில் ஹொதைதாவைச் சுற்றிக் குடிசைகளில் ஒதுங்கினார்கள். பணம் வருவது நின்றது, பணத்தைத் தேடுகிறவர்கள் கூடினார்கள். 1994-இல் வடக்குக்கும் தெற்குக்கும் உள்நாட்டுப் போர் மூண்டது. திரும்பி வந்தவர்கள்தான் போரை மூட்டினார்கள் என்று சொல்ல முடியாது. அந்தப் போருக்குப் பின்னால் அரசியல் தலைவர்களின் பகை இருந்தது, படைகளின் பகை இருந்தது. ஆனால் பச்சைக் குழந்தையாக இருந்த ஒரு நாட்டின் மடியில் எட்டு லட்சம் பேரின் வறுமையைத் தூக்கிப் போட்டால், பகையைத் தணிக்க அந்த அரசின் கையில் என்ன மிஞ்சும்?

இரண்டாவது கூட்டம் குவைத்திலிருந்த பாலஸ்தீனர்கள். போருக்கு முன் சுமார் நான்கு லட்சம் பேர் அங்கே வாழ்ந்தார்கள். பாலஸ்தீன விடுதலை இயக்கத் தலைமை சதாம் பக்கம் சாய்ந்ததற்காக, குவைத் மீட்கப்பட்ட பிறகு அவர்களில் பெரும்பாலோர் இருக்க முடியாமல் போயிற்று. போய்ச் சேர்ந்த இடம் ஜோர்தான். சின்ன நாடு, ஏற்கெனவே வேலையில்லாத் திண்டாட்டம், மக்கள்தொகை திடீரென்று பத்தில் ஒரு பங்கு கூடுகிறது. ஏமன் போலவே அங்கும் தீப்பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை.

ஏன்? வந்தவர்களில் பெரும்பாலோர் கையில் ஜோர்தான் பாஸ்போர்ட் இருந்தது. படிப்பு இருந்தது, பலர் ஆசிரியர்கள், பொறியாளர்கள், வியாபாரிகள். பலரால் ஓரளவு சேமிப்பையும் கொண்டுவர முடிந்தது. அம்மானில் மனை வாங்கினார்கள், வீடு கட்டினார்கள், கடை போட்டார்கள். கஷ்டம் இல்லாமல் இல்லை. ஆனால் இறங்குவதற்கு ஒரு தரை இருந்தது.

எனக்கு இதில்தான் உங்கள் கேள்விக்கான பதில் இருப்பதாகப் படுகிறது. ஆட்கள் போவதும் வருவதும் தானாகக் கலகத்தை உண்டாக்குவதில்லை. போகிற வழி திடீரென்று அடைபடும்போது, திரும்பி வந்தவனுக்கு நிற்க இடமில்லாதபோது, அது கலகத்துக்கு விறகாகிறது. விறகு இருந்தாலும் தீயை வைப்பது அநேகமாக வேறொரு கை.

2011-ஐ எப்படிப் பார்ப்பது?

2010 டிசம்பர் 17 அன்று துனிசியாவின் உள்நாட்டு நகரமான சீதி பூஸீதில், தள்ளுவண்டியில் காய்கனி விற்ற முகமது பூஅஸீஸி என்ற இளைஞர், அதிகாரிகள் சரக்கைப் பறித்த ஆத்திரத்தில் தனக்குத் தீ வைத்துக்கொண்டார். ஜனவரி 4-ஆம் தேதி இறந்தார். பத்தே நாளில், ஜனவரி 14-இல், 23 ஆண்டுகள் ஆண்ட பென் அலி நாட்டை விட்டு ஓடினார். பிப்ரவரி 11-இல் எகிப்தில் அதிபர் முபாரக் விழுந்தார். லிபியா, ஏமன், பஹ்ரைன், சிரியா என்று அலை பரவியது.

துனிசியாவில் பட்டம் வாங்கிய பிள்ளைகள் வேலையின்றி இருந்தார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் கூப்பிடு தூரத்தில் இத்தாலி. 1990 வரை துனிசியர்கள் விசா இல்லாமலே அங்கே போய் வந்தார்கள்; அதன் பிறகு விசா வந்தது, கண்காணிப்பு வந்தது, படகில் போகிறவர்களைத் தடுப்பது பென் அலி போலீசின் வேலைகளில் ஒன்றானது. பிழைக்கப் போகும் வழியையும் அடைத்து, பேசும் வாயையும் அடைத்து வைத்திருந்த ஆட்சி அது.

ஆட்சி விழுந்ததும் என்ன நடந்தது தெரியுமா? கடற்கரைக் காவல் குலைந்ததுமே சில மாதங்களில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட துனிசிய இளைஞர்கள் இத்தாலியின் லாம்பெதூசா தீவில் போய் இறங்கினார்கள். புரட்சி வென்ற நாட்டிலிருந்து ஏன் ஓட வேண்டும் என்று ஐரோப்பியர்கள் ஆச்சரியப்பட்டார்கள். அந்த இளைஞர்களுக்கு அதில் முரண்பாடு தெரிந்திருக்காது. அடைக்கப்பட்ட இரண்டு வழிகளில் ஒன்றைத் தெருவில் இறங்கி உடைத்தார்கள், மற்றதைப் படகில் ஏறி உடைத்தார்கள். விட்டுப் போவதும் குரல் கொடுப்பதும் எப்போதும் எதிரெதிர் இல்லை என்பதை ஹிர்ஷ்மனே பிற்காலத்தில், 1989-இல் கிழக்கு ஜெர்மனி ஆட்சி சரிந்த விதத்தைப் பார்த்த பின், ஒப்புக்கொண்டார். மக்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறியதே அங்கே மிச்சமிருந்தவர்களைத் தெருவுக்குக் கொண்டுவந்தது.

நமக்குப் பக்கத்திலேயே இதற்குச் சான்று இருக்கிறது. இலங்கையில் 2022-இல் அரகலய போராட்டம் அதிபர் கோத்தபயவை ஓட வைத்த அதே ஆண்டில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்குப் பறந்தார்கள். அதற்கு முன்பே, வெளிநாட்டில் இருந்தவர்கள் வங்கி வழியாகப் பணம் அனுப்புவது குறைந்துவிட்டது: 2020-இல் சுமார் 710 கோடி டாலர், 2021-இல் 550 கோடி, 2022-இல் 380 கோடிக்கும் கீழே. அரசு நிர்ணயித்த மாற்று விலையைவிட வெளிச்சந்தையில் அதிகம் கிடைத்தது முக்கியக் காரணம். டாலர் இல்லாமல் எண்ணெய்க் கப்பலுக்குப் பணம் கட்ட முடியாத நிலைக்கு நாடு வந்ததில் இதற்கும் பங்குண்டு. போனவனுக்குக் குரல் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. அவன் பணத்துக்குக் குரல் உண்டு.

சிரியாவைப் பற்றி ஒரு வார்த்தை. 2006 முதல் 2010 வரை அங்கே கடும் வறட்சி. வடகிழக்கிலிருந்து விவசாயக் குடும்பங்கள் நகரங்களின் ஓரத்துக்கு வந்தன. ஏற்கெனவே ஈராக்கிய அகதிகள் லட்சக்கணக்கில் வந்திருந்தார்கள். இந்த நெரிசல்தான் 2011-க்குக் காரணம் என்று எழுதியவர்கள் உண்டு. இல்லை என்று ஆதாரத்தோடு மறுத்தவர்களும் உண்டு. நான் மறுத்தவர்கள் பக்கம் சாய்கிறவன். தெரா நகரத்தில் சுவரில் ஆட்சிக்கு எதிராக எழுதிய பள்ளிப் பிள்ளைகளைப் பிடித்துப்போய் வதைத்தார்கள். கேட்கப் போன பெற்றோரை அவமானப்படுத்தினார்கள். ஊர்வலம் போனவர்களைச் சுட்டார்கள். மழை பெய்யாதது இதில் ஒரு பின்னணி. துப்பாக்கியை எடுத்தது அரசு. அதன் பிறகு ஓடிய ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட அகதிகளைப் பொறுத்தவரை உங்கள் டீக்கடையின் இரண்டாவது ஆள் சொல்வது முழுக்கச் சரி.

வெளிநாட்டுத் தொழிலாளியால் கலவரம் வருகிறதா?

இப்போது முதல் ஆளிடம் வருவோம். அவர் சொல்வது சரியென்றால் 2011-இல் முதலில் எரிந்திருக்க வேண்டியது கத்தாரும் ஐக்கிய அரபு அமீரகமும். அங்கே மக்கள்தொகையில் பத்தில் ஒன்பது பேருக்கு நெருக்கமாக வெளிநாட்டவர்கள். ஆனால் அங்கே மக்கள் கிளர்ச்சி எதுவும் எழவில்லை. எரிந்தவை பெரும்பாலும் ஆட்களை வெளியே அனுப்பும் நாடுகள்.

இன்னும் சொல்லப்போனால், வளைகுடாவில் நம்மைப் போன்றவர்களை வேலைக்கு வைத்ததில் கலகத்தைப் பற்றிய பயத்துக்கும் பங்குண்டு. 1953-லும் 1956-லும் சவுதியின் அராம்கோ எண்ணெய் நிறுவனத்தில் பெரிய வேலைநிறுத்தங்கள் நடந்தன. 1956-இல் வேலைநிறுத்தத்தையே தடை செய்து அரச ஆணை வந்தது. அந்தக் காலத்தில் எகிப்திய, பாலஸ்தீன ஆசிரியர்களும் பணியாளர்களும் வேலையோடு சேர்த்து நாசரின் அரசியலையும் கொண்டுவருகிறார்கள் என்று மன்னர்கள் அஞ்சினார்கள். அரபுத் தொழிலாளி உள்ளூர்க்காரனோடு ஒரே மொழியில் பேசுவான், உரிமை கேட்பான், தங்கிவிட நினைப்பான். இந்தியனும் பாகிஸ்தானியனும் பிலிப்பைன்ஸ்காரனும் சம்பளத்தை வாங்கிக்கொண்டு ஒப்பந்தம் முடிந்தால் போய்விடுவார்கள். கூலியும் குறைவு. 1970-களுக்குப் பிறகு தராசு ஆசியா பக்கம் சாய்ந்ததற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். கஃபீலின் சம்மதம் இல்லாமல் வேலை மாற முடியாது என்ற ஏற்பாடு இந்தக் கணக்கின் பூட்டு. அண்மைக் காலத்தில் அதைச் சில நாடுகள் தளர்த்தியிருக்கின்றன. இருந்தாலும் வாய் திறக்காத தொழிலாளி என்பதுதான் இன்றும் நம் விசாவின் சொல்லப்படாத நிபந்தனை.

ஆக, கலகம் நம்மால் வருவதில்லை. ஆனால் கலகத்தின் செலவு நம் தலையில் விழும். 2011-இல் அக்கம்பக்கத்து நாடுகள் கொதிப்பதைப் பார்த்த சவுதி மன்னர் அப்துல்லா, வீட்டு வசதி, சம்பளம், உதவித்தொகை என்று சுமார் 13,000 கோடி டாலர் மதிப்பில் சலுகைகளை அறிவித்தார். ஓமனில் சோஹார் நகரத்தில் போராட்டம் வந்ததும் சுல்தான் 50,000 வேலைகளை அறிவித்தார். உள்ளூர் இளைஞனுக்கு வேலை கொடுக்க வேண்டும் என்றால் யாராவது எழுந்து இடம் விட வேண்டுமல்லவா? அதே 2011-இல் சவுதி 'நிதாகத்' திட்டத்தைக் கொண்டுவந்தது. நிறுவனங்களைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறம் பிரித்து, போதிய சவுதிக்காரர்களை வேலைக்கு வைக்காதவர்களுக்கு விசா புதுப்பிப்பதை நிறுத்தியது. 2013-இல் பொதுமன்னிப்புக் காலம் அறிவித்து, காகிதம் சரியில்லாதவர்களை வெளியேறச் சொன்னது. அப்போது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் ஊர் திரும்பினார்கள். 'ஃப்ரீ விசா' என்று ஏஜென்ட் விற்றதை நம்பி, ஒருவர் பெயரில் அக்காமாவும் (குடியிருப்பு அனுமதி அட்டை) வேறொருவரிடம் வேலையுமாக இருந்தவர்கள் அதில் ஏராளம். துனிசியாவில் ஒரு காய்கனி வியாபாரி மூட்டிய தீயின் சூடு இரண்டு ஆண்டு கழித்து நம் கிராமங்களின் வட்டிக் கடனில் தெரிந்தது.

பஹ்ரைன் இதில் கொஞ்சம் விதிவிலக்கு. அங்கே பாதுகாப்புப் படையில் வெளிநாட்டு சன்னி முஸ்லிம்களைச் சேர்த்துக் குடியுரிமையும் கொடுக்கிறார்கள் என்ற புகார் போராட்டக்காரர்களிடம் இருந்தது. 2011 கலவரத்தில் தெற்காசியத் தொழிலாளர்கள் தாக்கப்பட்டதை, மன்னர் அமைத்த விசாரணைக் குழுவே பதிவு செய்தது. ஆட்சியாளர் வெளிநாட்டவரை அரசியல் ஆயுதமாக்கினால், கோபம் அப்பாவித் தொழிலாளி மேலும் பாயும்.

ஐரோப்பா பக்கம் இந்த ஆயுதம் வேறு விதமாகச் சுழல்கிறது. லிபியாவின் கடாஃபி 2008-இல் இத்தாலியோடு 500 கோடி டாலர் உடன்பாடு செய்துகொண்டு படகுகளைத் தடுத்தார். துனிசியாவின் இப்போதைய அதிபர் கைஸ் சயீத் 2023 பிப்ரவரியில் ஆப்பிரிக்கக் குடியேறிகளைப் பழித்துப் பேச, அவர்கள் மேல் தாக்குதல்கள் நடந்தன. அதே ஆண்டு ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் அவரோடு ஒப்பந்தம் போட்டது. அகதிகளைத் தடுத்து நிறுத்துகிறேன் என்று சொல்லும் ஆட்சியாளர், உள்நாட்டில் என்ன செய்தாலும் கேள்வி குறையும்.

சரி, பிள்ளையை அனுப்பலாமா?

'அரபு நாடு' என்று ஒரு நாடு கிடையாது. 2011 முதல் இந்தியர்களை மீட்க வேண்டியிருந்த இடங்களைப் பாருங்கள்: 2011-இல் லிபியா, 2014-இல் ஈராக், 2015-இல் ஏமன், 2023-இல் சூடான். ஏமனிலிருந்து 4,600-க்கும் மேற்பட்ட இந்தியர்களையும், சூடானிலிருந்து சுமார் 3,800 பேரையும் அரசு கொண்டுவந்தது. ஈராக்கில் திக்ரித் மருத்துவமனையிலிருந்த 46 செவிலியர்கள் தப்பினார்கள். மோசூலில் பிடிபட்ட கட்டடத் தொழிலாளர்கள் 39 பேர் கொல்லப்பட்டது 2018-இல்தான் உறுதியானது. ஏஜென்ட் இந்த நாடுகளில் ஒன்றைச் சொன்னால், சம்பளம் எவ்வளவு கூடுதலாக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சவுதி, குவைத், ஓமன், கத்தார், அமீரகம், பஹ்ரைன் ஆகிய ஆறு நாடுகளில் சுமார் 90 லட்சம் இந்தியர்கள் வாழ்கிறார்கள். அங்கேயும் போர் மேகம் வரலாம். ஆனால் அங்கே போகிற சாதாரணத் தொழிலாளியை அன்றாடம் வீழ்த்துவது குண்டு கிடையாது. பொய் விசா, கொடுக்காத சம்பளம், ஊரில் ஏறும் வட்டி, இவைதான்.

ஆகவே இவற்றைக் கவனியுங்கள்.

உங்கள் மகன் பத்தாவது முடிக்காதவர் என்பதால் அவருடைய பாஸ்போர்ட்டில் குடிபெயர்வுச் சோதனை தேவை என்ற முத்திரை இருக்கும். வளைகுடா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அவருக்குக் குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலரின் அனுமதி வேண்டும். சென்னையில் அலுவலகம் இருக்கிறது. இதைத் தொல்லையாக நினைக்காதீர்கள். ஒப்பந்தத்தை அரசு பார்க்கும் ஒரே இடம் அது. 'டூரிஸ்ட் விசாவில் ஏற்றிவிடுகிறேன், அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்' என்று ஏஜென்ட் சொன்னால், அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

ஏஜென்ட் உரிமம் பெற்றவரா என்று மத்திய அரசின் 'இ-மைக்ரேட்' தளத்தில் பார்க்கலாம். வீட்டுக்கு வந்து பேசுகிறவர் பெரும்பாலும் துணை ஏஜென்ட்டாகத்தான் இருப்பார். அவருக்குச் சட்டத்தில் இடமில்லை. உரிமம் பெற்றவர் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் மட்டுமே. லட்சக்கணக்கில் கேட்டால் அது விசா விலை. வெளிப்படையாகச் சொன்னால் மோசடி.

அனுமதியோடு போகிறவருக்குப் 'பிரவாசி பாரதிய பீமா யோஜனா' காப்பீடு கட்டாயம். இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய். விபத்தில் உயிர் போனாலோ நிரந்தரமாக முடங்கினாலோ பத்து லட்சம் ரூபாய் கிடைக்கும். தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நல வாரியத்திலும் பதிந்துகொள்ளச் சொல்லுங்கள். வேலைக்கு ஆள் எடுப்பதற்கென்றே மாநில அரசுக்கு ஓர் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. ஏஜென்ட்டிடம் போகுமுன் அங்கே ஒருமுறை விசாரியுங்கள்.

போன நாட்டில் இந்தியத் தூதரகத்தில் பெயரைப் பதிவது அவசியம். கலவரம் வந்தால் மீட்புக்கு ஆள் கணக்கெடுப்பது அந்தப் பட்டியலிலிருந்துதான் தொடங்கும். பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் மூன்றின் நகலும் உங்கள் வீட்டில் ஒரு படி, அவர் போனில் ஒரு படி இருக்கட்டும். அக்காமாவில் இருக்கிற முதலாளியிடம் மட்டுமே வேலை செய்ய வேண்டும். 2013-இல் சவுதியில் மாட்டியவர்களையும் மாட்டாதவர்களையும் பிரித்தது அந்த ஒரு காகிதம்.

கடைசியாக, பணத்தைப் பற்றி. ஏமனுக்குத் திரும்பியவனுக்கும் ஜோர்தானுக்குத் திரும்பியவனுக்கும் என்ன வித்தியாசம் என்று பார்த்தோமே, அது உங்கள் வீட்டுக்கும் பொருந்தும். கந்துவட்டி வாங்கியோ தறியை விற்றோ நகையை முழுக்க அடகு வைத்தோ மகனை அனுப்பாதீர்கள். நாளைக்கே ஓர் அரசாணையில் திரும்பி வர நேர்ந்தால் அவர் இறங்க ஒரு தரை வேண்டும். தறி அப்படியே இருக்கட்டும், கூட்டுறவு சங்கத்தில் உறுப்பினராக இருந்தால் அந்தப் பதிவை விட்டுவிடாதீர்கள், அவர் அனுப்பும் பணத்தில் முதல் ஓராண்டாவது ஒரு பங்கு வங்கியிலேயே கிடக்கட்டும். போகிற நாடும் காகிதமும் சரியாக இருந்து, கடனில்லாமல் அனுப்ப உங்களால் முடியும் என்றால், தாராளமாக அனுப்புங்கள். கடன் வாங்கித்தான் அனுப்ப முடியும் என்றால், இன்னும் ஓர் ஆண்டு பொறுக்கச் சொல்லுங்கள். அந்த ஓர் ஆண்டில் கூலி உயர்வு கேட்டுச் சங்கத்தில் ஓர் இளைஞனின் குரலும் சேர்ந்து ஒலிக்கட்டும். அதற்கு விசா வேண்டாம்.